‘வழி எப்படி’ புருல்சா

முதலில் மணிக்கட்டை மட்டும் ஆட்டித் தட்டுகிறாள் புருல்சா. பிறகு முழங்கையிலிருந்து. பிறகு தோளிலிருந்து ஓங்கி. அடி விழுவது மண்வெட்டித் தகட்டின் மேல். தகடு கிடப்பது, மலைச்சரிவோரம் அவளே வெட்டி நிறுத்திய பனித் தூணின் தலையில். தோளடி வரைக்கும் தூண் தாங்கிவிட்டால் அதை ஒரு முறை செல்லமாகத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்துகொள்வாள். மணிக்கட்டுத் தட்டுக்கே நடுவில் அறுந்து மேல்பாதி வழுக்கி மடியில் வந்து விழுந்தால், "உன்னைப் போய் நம்பினேன் பாரு" என்று பனியைப் பார்த்துச் சொல்வாள். அப்புறம் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டுப் போனை எடுப்பாள்.

அந்தப் போனுக்காகத்தான் பள்ளத்தாக்கே காத்திருக்கும். கீழே கோக்-தாஷிலிருந்து மேலே அக்-கியாவுக்குப் போகும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன், மேலே குதிரை வைத்திருக்கிறவன், அங்கே பெண் கொடுத்தவன், எடுத்தவன் எல்லோருடைய போனிலும் ‘வழி எப்படி’ என்ற சேனல் உண்டு. நடத்துவது புருல்சா ஒருத்திதான். கோக்-தாஷின் ஒரே மருந்துக் கடையும் அவளுடையதுதான். இருமல் மருந்துக்குக் காசு வாங்குவாள், பனிக்கு வாங்க மாட்டாள். "பனிக்குக் காசு வாங்கினா, விழாத அன்னிக்குத் திருப்பிக் கேப்பானுங்க" என்பாள்.

சில குளிர்காலங்களுக்கு முன்னால் வெளிநாட்டுப் பனிச்சறுக்குக்காரர்கள் வந்து, பனிச்சரிவு பற்றி ஊர் ஆண்களுக்கு ஒரு வாரம் பயிற்சி நடத்தினார்கள். முதல் நாள் ஆட்டுக்கறி போட்டார்கள், கூட்டம் நிரம்பியது. மறுநாள் கறி இல்லை, ஆண்களும் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கப் போன புருல்சா கடைசி நாள் வரைக்கும் உட்கார்ந்து, தூண் வெட்டித் தட்டிப் பனியின் பிடிப்பைச் சோதிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். போகும்போது மண்வெட்டியை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பத்தில் ஆபத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டாள். ஒன்று என்றால் பயமில்லை, ஐந்து என்றால் வாசல்படியைத் தாண்டாதே. ஒருநாள் நாலு போட்டாள். அன்றைக்குப் பார்த்து ஷேர் டாக்சிகள் வரிசை கட்டிக்கொண்டு மலையேறின. பதறிப்போய் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "நாலு போட்டிருந்தியே அக்கா! நான் பள்ளிக்கூடத்துல கண்ணால பாக்காத மார்க்கு!" என்கிறான். இங்கே பள்ளிக்கூடத்தில் ஐந்துதான் முதல் மார்க். இரண்டு வாங்கினால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். பாதை நல்ல மார்க் வாங்கியிருக்கிறது என்று தெம்பாகப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு எதுவும் விழாததால் பிழைத்தார்கள்.

அதோடு எண்ணைத் தூக்கிப் போட்டாள். இப்போது மூன்றே வாசகம்தான். ‘போங்க.’ ‘தள்ளித் தள்ளிப் போங்க.’ ‘டீ குடிங்க.’ தள்ளித் தள்ளி என்றால் வண்டிக்கு வண்டி இடைவெளி விட்டுப் போ என்று அர்த்தம். டீ குடிங்க என்றால் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டிலேயே கிட என்று அர்த்தம். "இன்னிக்கு டீயா அக்கா?" என்று ஓட்டுநர்கள் கடை ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பார்கள். சேனலில் போட்டிருக்கிறதே என்றால், "நீ சொல்லிக் கேட்டாத்தான் திருப்தியா இருக்கு" என்பார்கள். எழுதினால் படிக்க மாட்டார்கள் என்று குரலிலும் பேசிப் போடுகிறாள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் புருஷன் ஏசென்கூட அவளிடம் நேரில் கேட்பதில்லை. அவள் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்கும்.

மேலே என்ன நிலவரம் என்று சொல்ல அக்-கியாவில் அவளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அளவுகோலெல்லாம் கிடையாது, குதிரைதான். "எது வரைக்கும் இருக்கு?" என்று கேட்பாள். முழங்கால், வயிறு, சேணம் என்று பதில் வரும். உடனே அடுத்த கேள்வி: "யார் குதிரை?" எத்தனை அடி என்று கேட்டால் ஆள் பொய் சொல்வான், பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று குறைத்துச் சொல்வான். குதிரை உயரம் அவளுக்குத் தெரியும், அதனால் ஏமாறுவதில்லை.

அவளிடம் ஒரு விசித்திரம். முடிவு எடுப்பதற்கு முன்னால் காய்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். உப்பும் புளிப்புமாகக் கல் மாதிரி இருக்கும், லேசில் கரையாது. அது கரைகிற வரைக்கும் யார் என்ன கேட்டாலும் "ம்ம்" தவிர வேறு பேச்சு இல்லை. "அவசரத்துல சொன்னா பயத்துல சொல்றோமா, பாத்துச் சொல்றோமான்னு எனக்கே தெரியறதில்ல" என்று ஒருமுறை தன் சொந்த அக்காவிடம் சொன்னாள். அக்காவுக்கு அது புரியவில்லை, பல் கெட்டுப்போகும் என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பாதையில் மூன்று இடங்களில் பனி இறங்கும். இரண்டு இடங்களில் உறுமிவிட்டுத்தான் இறங்கும், ஓடித் தப்பலாம். மூன்றாவது சரிவுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் மாமியார். நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஏன் இருக்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் பிடிபடாது. பாதையும் சரியாக அதன் காலடியில் வளைந்து போகிறது. புருல்சாவின் பாதி வாழ்க்கை அந்த ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போகிறது.

அவள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், எல்லோருக்கும் தெரியும். ‘டீ குடிங்க’ என்று சொல்லி, ஊரே உட்கார்ந்து, பனி விழாமல் போனால் அவள் சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் வாடகை போனதுதான். "உன் மாமியார் ரொம்பத் தங்கமானவ அக்கா, நீதான் அவளைப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்ற" என்று ஒருவன் வலிநிவாரணி வாங்கிக்கொண்டே சொல்வான். சிரித்துவிட்டுச் சில்லறை கொடுப்பாள். வீட்டுக்குப் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தக் குளிர்காலக் கடைசியில் மூன்று நாள் காற்றோடு பனி கொட்டியது. நாலாம் நாள் பளீரென்று வெயில் வந்தது. விடியற்காலையில் தூண் மணிக்கட்டுக்கே விழுந்துவிட்டது. ‘டீ குடிங்க’ என்று போட்டுவிட்டுக் கடையைத் திறந்தாள். திறந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தவர் அவளுடைய அக்கா புருஷன் அசில்பேக்.

ஊருக்கே தெரிந்த ஜோடி அது. அத்தானும் கொழுந்தியாளும் சந்தித்தால் கேலி பேசாமல் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு அவர் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். துக்க வீட்டு ஆண் கட்டுகிற கட்டு. அக்-கியாவில் அவருடைய அண்ணன் ஒமுர்பேக் இரவு இறந்துவிட்டார். சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் அடக்கம் என்று முல்லா சொல்லிவிட்டார்.

"கொழுந்தியா, இன்னிக்கு உன் டீயை ஆற வை. நான் போயாகணும்."

"அத்தான், இன்னிக்கு மாமியார் சரியில்ல."

"அவ என்னிக்குச் சரியா இருந்தா? அங்க அண்ணனைக் கிடத்தின கூடாரத்து வாசல்ல, துக்கத்துக்கு வர்றவங்களை எதிர்கொள்ளக் கோலை ஊனிக்கிட்டு நான் நிக்கணும். வர்றவன் எல்லாம் தம்பி எங்கேம்பான். பனிக்குப் பயந்து வீட்ல குந்தியிருக்கான்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் எந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"எத்தனை பேர் போறீங்க?"

"தெருவே வருது. ரெண்டு மினி வேன். சாவு விருந்துக்கு அறுக்க ஒரு குதிரை, அது லாரில."

"அக்கா?"

"அவ வராம யாரு ஒப்பாரி வைப்பா?"

புருல்சா கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அந்த வேனில் ஜன்னலோரம்தான் உட்காருவாள், எப்போதும் அப்படித்தான்.

"வெயில் ஏற ஏற மேல இருக்கிறது இறங்கலாம் அத்தான். மத்தியானம் வழியில இருக்கவே கூடாது."

"இறங்கலாமா, இறங்குமா? அதைச் சொல்லு."

"இறங்கலாம்."

"இறங்கலாம்!" அசில்பேக்கின் குரல் உடைந்தது. "எங்கண்ணன் செத்துட்டாருடி. ‘செத்திருக்கலாம்’னு இல்ல. செத்துட்டார்."

பனியைச் சொல்லி இங்கே யாரையும் இழவு வீட்டுக்குப் போகாமல் தடுத்துவிட முடியாது. சாலைக்காரர்கள் குறுக்கே கட்டை போட்டால் இறங்கி அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் சரிக்கட்டலாம். அடக்கத்துக்குப் போகாதவனைப் பற்றிப் பேரப்பிள்ளை காலத்திலும் பேசுவார்கள்.

ஆகவே அவள் பனியை விட்டுவிட்டாள். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்-கியாவுக்குப் போன் போட்டாள். எடுத்தது இறந்தவரின் மனைவி குமுஷ். பின்னால் பெண்களின் ஒப்பாரி கேட்டது.

"அக்கா, நான் கீழே மருந்துக் கடை புருல்சா. கேக்கக் கூடாததைக் கேக்கிறேன். இன்னிக்கு எடுக்காதீங்க. நாளைக்கு மத்தியானத்துக்குத் தள்ளிப் போடுங்க."

"முல்லா இன்னிக்கேன்னு நிக்கிறாரேம்மா. தள்ளிப் போட்டா பாவம்ங்கிறார்."

"பாவம் என் கணக்குல எழுதட்டும் அக்கா. அசில்பேக் அத்தான் தெருவோட கிளம்பி நிக்கிறார். இந்த வெயில்ல மாமியார் அடியில அவங்க வந்தா, நீங்க ஒரு குழி தோண்டறதோட நிக்காது. நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். நீங்க சொன்னா கேப்பார்."

ஒப்பாரிச் சத்தம் விலகியது, குமுஷ் போனோடு வெளியே வந்திருந்தாள்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுஷன் யாருக்காகவும் காத்திருந்ததில்ல. சோறு கொஞ்சம் தாமசமானா எந்திரிச்சுப் போயிடுவார். இன்னிக்கு ஒரு ராத்திரி காத்திருக்கட்டும். முல்லாகிட்ட நான் பேசிக்கிறேன்."

சேனலில் புருல்சா போட்டது இவ்வளவுதான்: ‘ஒமுர்பேக் வீட்டார் சொல்வது. அடக்கம் நாளை மதியம். தம்பி வராமல் தூக்க மாட்டோம். இன்று யாரும் கிளம்ப வேண்டாம், நாளை விடிந்ததும் வாருங்கள்.’ பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இழவு வீட்டின் பேச்சை மீறிக் கிளம்ப யாருக்கும் துணிவில்லை. தெருவில் உறுமிக்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தச் சேனல் சொன்னதைப் பள்ளத்தாக்கு முழுதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

கடையிலேயே நின்றிருந்த அசில்பேக் தன் போனை இரண்டு முறை கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "உன் வேலைதானே இது?"

"டீ போடட்டுமா அத்தான்?"

"எங்கண்ணனை ஒரு ராத்திரி மண்ணுக்கு வெளியில கிடத்திட்ட. பனி விழலைன்னு வெச்சுக்கோ, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே." இத்தனை வருஷத்தில் கேலி இல்லாமல் அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. டீ குடிக்காமல் போய்விட்டார்.

பனி விழவில்லை. மத்தியானம் வெயில் சுட்டது, கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது, மாமியார் அசையவில்லை. புருல்சா அக்-கியாவிலிருந்த ஆட்களைக் கேட்டுக் கேட்டு அலுக்க வைத்தாள். ஒன்றும் இல்லை அக்கா, ஒன்றும் இல்லை அக்கா. பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்குகிற சாக்கில் ஊரே வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் ஆக ஆக அவளுக்குள் ஓர் ஆசை வந்தது. விழுந்துவிடேன், காலிப் பாதையில்தானே, யாருக்கு என்ன நஷ்டம், விழுந்துவிடேன் என்று மனசுக்குள் அந்தச் சரிவைக் கெஞ்சினாள். கெஞ்சியது உறைத்ததும் வெட்கமாக இருந்தது. யாரும் சாகக் கூடாது என்று ஆரம்பித்த வேலை, தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் வந்து நிற்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இரவு நன்றாக உறைந்தது. விடியற்காலையில் ‘தள்ளித் தள்ளிப் போங்க’ என்று போட்டுவிட்டு அவளும் பெண்கள் வேனில் ஏறிக்கொண்டாள். அக்கா நகர்ந்து இடம் விட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியாருக்கு முந்தின வளைவில், பெரிய பாறையின் மறைவில் வண்டிகளை நிறுத்தச் சொன்னாள். ஒன்று அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்ப வேண்டும் என்றாள். சாவு ஊர்வலத்தில் வண்டிக்கு வண்டி இடைவெளி விடுவது மரியாதை இல்லை. தனியாக முன்னால் போக யாரும் சம்மதிக்கவில்லை. ஒருவன் மேலே அண்ணாந்து பார்த்து, "இதுக்காடி ஒரு ராத்திரி?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தான்.

அசில்பேக் முதல் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். புருல்சா அவரிடம் வாதாடவில்லை. பாதையோரப் பனிக்கரையை மண்வெட்டியால் நேராகச் சீவினாள். "அத்தான், அடியில கையை விடுங்க" என்றாள்.

மேலே பனி பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் அடியில் அவர் கையை விட்டதும் உள்ளேயிருந்து சர்க்கரை மாதிரிக் குருணை பொலபொலவென்று கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கையை இன்னும் உள்ளே விட்டார், முழங்கை வரைக்கும் போயிற்று. தடுக்க அங்கே எதுவும் இல்லை.

"மேல முழுக்க இப்படித்தானா?"

"மேல முழுக்க இப்படித்தான்."

"பின்ன எது இதைப் பிடிச்சிட்டு நிக்குது?"

"அது எனக்குத் தெரியாது அத்தான். தெரிஞ்சா நேத்து ‘இறங்கலாம்’னு சொல்லியிருக்க மாட்டேன்."

அசில்பேக் கையை உதறித் துடைத்துக்கொண்டார். போய் வண்டியை எடுத்து, தனியாக வளைவைக் கடந்து அந்தப் பக்கம் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகப் போனது பெண்கள் வேன். அதுவரை பாறையடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்த புருல்சாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அக்-கியாவில் ஆண்கள் "என் ஈரக்குலையே!" என்று கதறிக்கொண்டே கூடாரத்தை நோக்கி ஓடினார்கள். அசில்பேக் வாசலில் கோலை ஊன்றி நின்று வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார். ஒமுர்பேக்கை மத்தியானம் மண்ணுக்குள் வைத்தார்கள். குதிரைக்கறி வெந்தது, தட்டுகள் போயின, வந்தன. புருல்சா உள்ளே குமுஷின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"பாவம், ஒரு ராத்திரி பூரா கிடந்தாரே" என்றாள் ஒருத்தி தட்டைத் தேய்த்துக்கொண்டே. "மாமியார் ஒரு பிடி பனிகூட உதிர்க்கலையாமே." புருல்சா கழுவிக்கொண்டிருந்த தட்டையே மறுபடியும் கழுவினாள்.

வெளியே வெயில் நேற்றைப் போலவே காய்ந்தது. கீழே மாடு கறக்க வேண்டும், ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று கோக்-தாஷ்காரர்கள் கிளம்பத் துடித்தார்கள். வண்டிகளைச் சூடேற்றும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நேற்றைக்கு இழவு வீட்டின் பேச்சு கைகொடுத்தது. இன்றைக்குப் பிணம் மண்ணுக்குள் போய்விட்டது, சொல்வதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம். மறுபடியும் சொல்லி, மறுபடியும் விழாவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சேனலை ஏசென்கூடக் கேட்க மாட்டான். சொல்லாவிட்டால் இரண்டு வேன், ஒரு லாரி, ஜன்னலோரத்தில் அக்கா. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ‘டீ குடிங்க’ என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

அப்போது வெளியே ஒரு வண்டி அணைந்தது. பிறகு இன்னொன்று. யாரோ உரக்கச் சண்டை பிடித்தார்கள், அப்புறம் அதுவும் அடங்கியது. கடைசி வண்டியும் நின்றது.

அசில்பேக் உள்ளே வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தலையில் தொப்பி இல்லை. இங்கே ஆண்பிள்ளை தன் தொப்பியைத் தரையில் வைக்க மாட்டான், இன்னொருவர் கையில் கொடுக்கவும் மாட்டான். தொப்பியைத் தலைகீழாக, நிரம்பிய கிண்ணத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். குனிந்து புருல்சாவின் மடியில் வைத்தார். உள்ளே எல்லா வண்டிகளின் சாவிகளும் கிடந்தன.

"காலையில நீ பாத்துட்டுக் குடு" என்றார்.

வெறுந்தலையோடு வெளியே போய், கூடாரத்து வாசலில் சாத்தி வைத்திருந்த கோலை எடுத்து ஊன்றிக்கொண்டு நின்றார்.